வெள்ளிக்கிழமை இருமல்

நோர்வூட்டில் கராஜ் வைத்திருந்த இக்னேசியஸ், வண்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் பார்ப்பவர். தேயிலைத் தொழிற்சாலை எஞ்சினுக்குப் பக்கத்தில் பதினெட்டு வருடம் நின்று பழகிய காது. எதிர்மலையில் ஏறும் பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டே அதன் கிளட்ச் என்றைக்குப் போகும் என்று சொல்லிவிடுவார். அன்றைக்குப் போகாவிட்டால் டிரைவர்மேல் கோபப்படுவார். காதுக்கு அடுத்த சொத்து மீசை. பத்தொன்பது வயதில் வைத்தது. கலியாணத்துக்கு முதல்நாள் பெண்வீட்டார் எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை.

இரண்டுக்கும் சேர்த்து வினையாக வந்து சேர்ந்தது வீரய்யாவின் கார்.

பழைய ஸ்ரீ எழுத்து நம்பர் பிளேட் போட்ட கார். நாற்பது வயதைத் தாண்டியது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்கும் கலியாணங்களுக்கும், சிவனொளிபாத மலை சீசனில் மலையடிவார நல்லதண்ணிக்கும் ஹயர் ஓடும். ஒருநாள் மேட்டில் எஞ்சின் விட்டுவிட்டு இருமி, மிஸ் அடித்து நின்றது. ஒரு பிளக் செத்திருந்தது. இக்னேசியஸ் கால்மணி நேரத்தில் மாற்றி அனுப்பினார். அடுத்த வாரம் அதே இருமலோடு திரும்பி வந்தது. பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். மூன்றாவதைக் கழற்றியபோது எஞ்சின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மூன்றாவது சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். புது வயர் போட்டார். அதற்கடுத்த வாரம் பொயிண்ட் மாற்றினார். பிறகு காபரேட்டரைப் பிரித்துக் கழுவினார். கராஜை விட்டுப் போகும்போது தையல் மெசின் மாதிரிப் போகும். ஒரு வாரத்தில் குலுங்கிக்கொண்டு வரும். வைத்தியம் பார்க்கிறாரா, இல்லை தத்து எடுத்துவிட்டாரா என்று எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த சுமன் விசாரித்தான்.

ஐந்தாவது தடவை, முதல் தடவையே செய்திருக்க வேண்டியதைச் செய்தார். காரை விட்டுவிட்டு வீரய்யாவைக் கேட்டார்.

"என்னைக்கு மிஸ் அடிக்குது?"

"நாளெல்லாம் யாரு பாத்தா பாஸ்?" என்ற வீரய்யா கொஞ்சம் யோசித்தார். "அனேகமா கோயிலுக்குப் போற அன்னைக்குத்தான்."

கோயிலுக்கு அவர்கள் போவது வெள்ளிக்கிழமை. அந்த வெள்ளி விடியும்போது இக்னேசியஸ் வீரய்யா குடியிருந்த லயத்துக்குப் பக்கத்தில், பீலியில் கொட்டும் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு நின்றார். பத்து நிமிடமாக ஒரே காலைக் கழுவினார். வீரய்யாவின் மனைவி அம்மாக்கண்ணு விளக்கேற்றி முடித்துச் செம்போடு வெளியே வந்தார். பழகிய கையால் பொனெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தார். மஞ்சள் தண்ணீரை அள்ளி எஞ்சின்மேல் மூன்று தரம் தெளித்தார்.

"எப்ப இருந்துக்கா இது?"

"மொத தடவ மேட்டுல நின்னுச்சே, அன்னையில இருந்து. அதுக்கு முந்தி வெளியிலதான் தெளிப்பேன். உசுரு உள்ளதானே இருக்கு தம்பி."

பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார் இக்னேசியஸ். மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. அதில் தண்ணீர் பட்டால் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் வெடிப்பு வழியே ஓடிவிடும். முதல் நோய் முதல் நாளே குணமாகியிருந்தது. மிச்சமெல்லாம் செம்பிலிருந்து வந்தவை. அவர் விளக்கமாகச் சொன்னதை அம்மாக்கண்ணு முழுவதும் கேட்டார்.

"நாலு தடவ நீங்க கழட்டி மாட்டுனீங்க. நான் ஏதாச்சும் கேட்டேனா?" என்றார்.

கொழும்பிலிருந்து புது மூடி வரும்வரை உள்ளே மஞ்சள் தண்ணீர் இல்லை என்று முடிவாயிற்று. இக்னேசியஸ் அதோடு விட்டிருக்கலாம். ஆனால், பாஸின் காதை ஒரு செம்பு தோற்கடித்துவிட்டது என்று அன்று மாலை கடையில் பத்துப்பேர் கேட்கச் சுமன் சொன்னான். இக்னேசியஸ் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஞாயித்துக்கெழம ஹட்டனுக்குப் போய்த் திரும்புறோம். ஒரு தடவ மிஸ் அடிச்சாலும் இந்த மீசைய எடுத்துர்றேன்."

அவர் வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. கார் நிச்சயமாகச் சரியாகிவிட்டதா என்று மட்டும் மனைவி பவுலின் கேட்டாள். சத்தியமாக என்றார்.

அம்மாக்கண்ணுவை நம்பமுடியாது. சனிக்கிழமையே இக்னேசியஸ் காரைக் கொண்டுவந்து கராஜில் பூட்டி, கராஜ் சாவியைத் தன் வீட்டு ஆணியில் மாட்டினார். ஞாயிறு காலை வெளியே எடுத்தார். ஸ்டியரிங்கில் வீரய்யா, பக்கத்தில் அவர், பின்னால் அம்மாக்கண்ணுவும் சாட்சிக்குச் சுமனும். கடைவாசலைத் தாண்டுவதற்குள் கார் மூன்று தடவை இருமியது.

எப்போதும் பேசும் அம்மாக்கண்ணு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இக்னேசியஸ் இறங்கிப் பொனெட்டைத் திறந்தார். மூடியின்மேல் தண்ணீர்த் துளிகள். மஞ்சள் இல்லை, சுத்தமான தண்ணீர். தகரக்கூரையிலிருந்து பனி சொட்டிப் பொனெட் இடுக்கு வழியே இறங்கியிருக்க வேண்டும். கைலேஞ்சியால் துடைத்தார். பிறகு ஹட்டன்வரை ஒரு பிசிறு இல்லை.

பனித்தண்ணீருக்குப் போய் யாராவது மீசையை எடுப்பார்களா, விடுங்க பாஸ் என்றார் வீரய்யா. போனால் போகட்டும் என்று சுமனும் சொன்னான். சுமன் இரக்கப்பட்டதைத்தான் தாங்கமுடியவில்லை. பழியைப் பனிமேல் போடும் மெக்கானிக்குகளை ஆயுள் முழுவதும் கிண்டல் செய்தவர் அவர். ஹட்டனில் முதலில் கண்ணில்பட்ட சலூன் முன்னால் காரை நிறுத்தச் சொன்னார்.

வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பவுலினுக்கு வந்தது யாரென்று தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கார் ஓடலையா?"

"ஓடுச்சு. மொதல்ல மூணு தடவ மிஸ் அடிச்சுச்சு. பொறவு கம்பி மாதிரி ஓடுச்சு."

"அப்ப ஓடிருச்சுல்ல." அவள் முகம் தெளிந்தது. "காலையில பூசைக்குப் போக முந்தி கராஜைத் தொறந்து அந்தோனியார் தீர்த்தத்தத் தெளிச்சுட்டுத்தான் போனேன். மேலாப்புல இல்ல, பொனெட்டத் தொறந்து உள்ளயே."

இக்னேசியஸ் ஸ்டூலில் உட்கார்ந்தார். வெடிப்பு, தண்ணீர், கரண்ட் எல்லாம் வரிசையாக வாய்வரை வந்தன. விரல் உதட்டுக்கு மேலே போய், பிடிக்க ஒன்றுமில்லாமல் இறங்கியது.

"இத வீரய்யா வீட்டம்மாகிட்ட மட்டும் சொல்லிராத."

"வழியில பாத்தேனே, கார் ஏற வந்துக்கிட்டிருந்தாங்க. அப்பவே சொல்லிட்டேன்," என்றாள் பவுலின். "கையப் புடிச்சுக்கிட்டு அப்புடிச் சிரிச்சாங்க. நல்ல மனுசி."