ஏசி அறைக்குப் போன கோப்புகள்

எனக்கு ஐம்பது வயதானபோது, கல்முனைப் பக்கத்து அரசாங்க அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளராக இருந்தேன். ஒருநாள் காலை லீவு படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருக்கையில் நெஞ்சிலிருந்து சூடு எழும்பி முகத்துக்கு ஏறியது. அபாயாவுக்குள் வியர்வை ஓடியது.

கிளினிக்கில் தாதி, மாதவிடாய் நிற்கும் காலம் என்றார். "டீயையும் உறைப்பையும் குறைங்க. பருத்தி உடுப்பு உடுங்க. சூடு வந்தா குளிர்ச்சியான எடத்துல இருந்து மெதுவா மூச்சு விடுங்க."

எங்கள் அலுவலகத்தில் குளிர்ச்சியான இடம் ஒன்றுதான்: எங்கள் மேலதிகாரியான நிர்வாக உத்தியோகத்தர் சேரின் ஏசி அறை. எங்கள் பக்கத்து ஃபேன் பழுது. அதைத் திருத்துவதற்கான கோப்பு மட்டும் மேசைக்கு மேசை நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சூடு வரும்போதெல்லாம் கையெழுத்துக்கு ஒரு கோப்போடு உள்ளே போனேன். சேர் எழுத்தெழுத்தாக வாசிப்பவர். எனக்கு அது வசதி. ஒரு மாதத்தில் என் மேசையில் தேங்கிக் கிடந்ததெல்லாம் முடிந்தது.

"மிஸ்ஸப் போல வேலை செய்ற ஆக்கள் இல்ல. இருங்க, இஞ்சிப் பிளேன்டி ஒண்டு குடிச்சிட்டுப் போங்க" என்பார் சேர். மறுக்க முடியாமல் அந்தச் சுடு தேநீரைக் குடிப்பேன். மறுபடி சூடு ஏறும். மறுபடி ஒரு கோப்பு.

பக்கத்து மேசை ஜெஸ்மின் பத்து வருடமாக என்னோடு சோறு பகிர்ந்தவள். அவள் தனியாகச் சாப்பிடத் தொடங்கினாள். ஒருநாள் நேராகவே கேட்டாள். "பதவி உயர்வுக்குத்தானே ராத்தா சேருக்குப் பந்தம் புடிக்கிறீங்க?"

வெட்கத்தில் ஒரு கோப்பைத் திறந்து அதற்குள் குனிந்துகொண்டேன். அதை அவள் ஓம் என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த ஊழியர் கூட்டத்தில் சேர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "மிஸ், இந்தச் சுறுசுறுப்பு எங்க இருந்து வருது? எல்லாருக்கும் சொல்லுங்க."

ஜெஸ்மின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். "எனக்கு மாதவிடாய் நிக்கிற வயசு சேர். ஒடம்பு நெருப்பாக் கொதிக்கும். ஒங்கட ஏசிக்குத்தான் வந்த நான்."

கணக்காளர் கூரையைப் பார்த்தார். இன்னொருவர் கையிலிருந்த பேனாவையே மேசையில் தேடினார். சேர் செருமிவிட்டு, டெங்கு ஒழிப்பு பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

கூட்டம் முடிந்ததும் ஜெஸ்மின் என் பின்னால் வந்தாள். "எனக்கும் ஆறு மாசமா இப்படித்தான். ஜின் புடிச்சிட்டெண்டு நினைச்சி ஓதின தண்ணி குடிச்சிட்டிருக்கன்."

சொல்ல வெட்கப்பட்ட ஒரு மாதத்தில் நல்ல சிநேகிதியை இழக்கப் பார்த்தேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஒரு வாரம் கழித்துச் சேர் என்னை விறாந்தையில் நிறுத்தினார். குரல் தாழ்ந்திருந்தது. "வீட்டுல மனிசியும் ராவெல்லாம் வேர்க்குதெண்டு எழும்பி இருக்கா. சும்மா சும்மா எரிஞ்சி விழுறா. எல்லாம் என்ட பிழை எண்டு நினைச்சன், மிஸ்."

"ஒங்கட பிழையும் இருக்கும் சேர்," என்றேன். "முதல்ல அவவுக்கு ஜன்னலத் தொறந்து விடுங்க. மிச்சத்த அவக்கிட்டயே கேளுங்க."