முருங்கைக்கீரை பீட்சா

பிள்ளைகளே, போன செவ்வாய்க்கிழமை வில்லியனூரில் ஒரு அச்சகத்திலிருந்து நான் ஓடி வந்துவிட்டேன்.

நடந்து இல்லை... ஓடி! செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை.

என் மகள் வினோதினிக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போயிருந்தேன். அச்சகக்காரன் பாலு என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். கம்ப்யூட்டரில் பெண்ணின் பெயரை அடித்தான். அதற்குக் கீழே அவள் படிப்பு, அவள் பார்க்கும் டீச்சர் வேலை. அப்புறம் மாப்பிள்ளையின் பெயர் – தினேஷ். அதற்குக் கீழே ஒரு கோடு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டு நின்றது.

“மாப்ள இன்னா வேலைபா? பேருக்குக் கீழ போடணும் இல்ல?”

வாயைத் திறந்தேன்.

“ஓட்டல் லைன்...” என்றேன்.

“ஓட்டல்ல இன்னா? மேனேஜரா? மேனேஜர்னே போட்டுடறேன். தீவுல கீறாரு, யாரு போய்ப் பாக்கப் போறா?”

“அப்புறம் சொல்றேன்டா” என்று எழுந்தவன்தான். பைக் பாகூர் ஏரிக்கரைக்கு வந்த பிறகுதான் மூச்சே வந்தது.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு நான் என்ன எழுதுகிறேன்? ‘உண்மையைச் சொல்லிப் பாருங்கள், நெஞ்சு லேசாகும்.’ எழுதுகிறவன் நெஞ்சு எப்படி இருந்தது தெரியுமா? இரண்டு நாள் நிலைகொள்ளவில்லை. மடையைத் திறக்கப் போனவன் திறக்காமலே திரும்பி வந்தேன். காப்பியில் உப்பைப் போட்டுக் குடித்தேன் – குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

அதனால் நடந்ததை முழுசாக உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

தினேஷ் வீடு இருப்பது ரியூனியன் தீவில். இந்தியப் பெருங்கடலில் சின்னப் புள்ளி. கடலுக்குள்ளிருந்து எரிமலை கக்கிக் கக்கி உண்டான தீவு. அவன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். நம்ம பக்கத்து ஆள்தான். குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. போன வருஷம் தேர் பார்க்க வில்லியனூர் வந்த பையன், தேரோடு வினோதினியையும் பார்த்துவிட்டுப் போனான். அவளும் பார்த்திருக்கிறாள். எனக்குத் தெரிந்தது கடைசியில்தான். அப்பா என்றால் அப்படித்தானே?

“ஓட்டல் மேனேஜ்மென்ட்ல பெரிய வேலை” என்றார் தரகர். ஆனாலும் பெண்ணைக் கடல் தாண்டிக் கொடுப்பதா? வீடு வாசலை நேரில் பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்றேன். நானும் என் மனைவி கனகாவும் நாலு நாளைக்குக் கிளம்பினோம்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் முடிவாகும் வரை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் சாப்பிட மாட்டார்கள். தண்ணீர் குடிக்கலாம், காப்பி குடிக்கலாம். சோற்றில் கை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, சம்மதம் என்று அர்த்தம். ‘கை நனைப்பது’ என்பார்கள். மடுகரையில் மாப்பிள்ளை பார்த்தால் இதில் ஒரு கஷ்டமும் இல்லை. பேசிவிட்டு பஸ் ஏறி மதியச் சாப்பாட்டுக்கு நம் வீட்டுக்கே வந்துவிடலாம்.

தீவுக்குப் போனால்?

அதை யோசித்தேனா? இல்லையே! கையில் கொண்டுபோன புளிச்சோறு முதல் நாள் காலையோடு தீர்ந்தது. லாட்ஜ் அறையில் அடுப்பு கிடையாது.

விமான நிலையத்துக்கு தினேஷ் வந்திருந்தான். பணிவான பையன். பெட்டியை வாங்கும்போது பார்த்தேன் – இரண்டு முன்கையிலும் கோடு கோடாகத் தழும்பு. பழசும் புதுசுமாக. வணக்கம் சொன்னான், எங்களைத் தன் அப்பா சபாபதியிடம் ஒப்படைத்தான், “டூட்டி இருக்கு மாமா” என்று போய்விட்டான்.

என்ன தழும்பு? சண்டை போடுகிறவனா? கனகாவின் காதில் முணுமுணுத்தேன். அவனிடம் கேட்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

“வூட்டுக்கு வாங்க சம்மந்தி, சாப்ட்டுப் பேசலாம்” என்றார் சபாபதி.

“இன்னும் சம்மந்தி ஆவலிங்களே... முடிவு தெரியாம கை நனைக்கறது நம்ம வழக்கம் இல்ல” என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் மரியாதைக்காரர். “அப்போ வெளியில சாப்புடலாம். ஆனா வூட்ல அவங்க கறி மீன் தொடமாட்டாங்கன்னு சொன்னீங்களே?”

எங்கள் ஊர்க் கோயில் திருவிழா முடியும் வரை கவிச்சி தொடுவதில்லை என்று கனகா வேண்டிக்கொண்டிருந்தாள். முட்டைகூடக் கிடையாது. அந்த ஊரில் எந்தக் கடையில் சோறு கேட்டாலும் கூடவே கோழியோ மீனோ வந்து நிற்கிறது.

“இத்தாலிக்காரன் கடைதான் கதி” என்றார் சபாபதி. “அங்கதான் தக்காளி, இலை, தழைன்னு ஏதாச்சும் கெடைக்கும்.”

இப்படியாக, பாகூர் கரும்புக்காரன் ஒருவன் எரிமலைத் தீவில் இத்தாலிக் கடை கடையாக ஏறி இறங்க ஆரம்பித்தான்.

முதல் கடை கடலோரம். மேசைக்கு வெள்ளைத் துணி. சேமியாவை உடைக்காமல் அப்படியே வேகவைத்துத் தட்டில் சுருட்டி வைத்தார்கள். முள்கரண்டியால் சுற்றச் சுற்ற அது நீண்டுகொண்டே வந்தது. என் சட்டைப்பை வரைக்கும் தக்காளிச் சாறு. கனகா மேலே தூவியிருந்த சீஸை முகர்ந்து பார்த்தாள், தட்டை என் பக்கம் தள்ளினாள்.

“அந்த மலை இன்னும் எரியுதுங்களா?” என்று சபாபதியைக் கேட்டேன்.

“எப்பவாச்சும் ஊத்தும். ஆளு இல்லாத பக்கம்தான். ரோட்ட மூடிடும், திரும்பப் போடுவாங்க.”

நம்ம ஊரில் ஏரி உடைந்ததைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. இங்கேயா என் பெண் குடித்தனம் செய்யப் போகிறாள்? ஏதாவது பேச வேண்டுமே என்று ஒரு பழைய கதையை எடுத்துவிட்டேன்.

“போன வருசம் மடுகரையில ஒரு பையன் வந்தான். நல்ல பையன்தான். கல்யாண வூட்டுக்கு சமையல் செய்யறவன். நான் வேணாம்னுட்டேன். சமையல்காரனுக்குப் பொண்ணு குடுத்தா ஊர்ல இன்னா பேசுவாங்க, சொல்லுங்க?”

சபாபதியின் கரண்டி பாதியில் நின்றது. அவர் மனைவி குனிந்து தட்டைப் பார்த்தார். நான் சொன்னது அவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட அறிவாளி பார்த்தீர்களா?

இரண்டாம் நாள் எரிமலைக் குழம்பு வழிந்து கடலில் இறங்கிய இடத்தைக் காட்டக் கூட்டிப்போனார்கள். வெல்லப்பாகு கொப்பரையிலிருந்து வழிந்து அப்படியே ஆறிப்போனால் எப்படி இருக்கும்? அதைக் கறுப்பாக, ஊர் அகலத்துக்கு நினைத்துக்கொள்ளுங்கள். அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் நேரம் போனது தெரியவில்லை. பக்கத்து இத்தாலிக் கடைக்குப் போனால் மணி இரண்டேகால். கதவில் நின்ற அம்மா தலையை ஆட்டினார். அங்கே இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்தால் அணைத்ததுதான். ராத்திரிதான் திரும்பப் பற்ற வைப்பார்களாம்! காரில் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு வாழைப்பழம்.

“உன் வழக்கத்த நீயே சாப்புடு” என்றாள் கனகா என் காதில்.

அன்றைக்கும் தினேஷ் வரவில்லை. டூட்டியாம். பெண் வீட்டார் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், பையனுக்கு ஒரு வேளை உட்கார நேரம் இல்லையா? எதையோ மறைக்கிறார்கள். மறுநாள் மதியம் கேட்டுவிடுவது, சரியான பதில் இல்லாவிட்டால் பேச்சை முறித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மூன்றாவது கடை ஒரு சந்துக்குள். ஆறே மேசை. உள்ளே செங்கல் சூளை மாதிரி ஒரு அடுப்பு, வாயெல்லாம் நெருப்பு. தினேஷின் அம்மாதான் அந்தக் கடைக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். உட்கார்ந்த உடனே, கேட்காமலே, கனகாவுக்கு ஒரு பீட்சா வந்தது.

அதன் மேலே பச்சையாக... முருங்கைக்கீரை! பூண்டு, காய்ந்த மிளகாய் போட்டு வதக்கித் தூவியிருந்தது. சீஸ் இல்லை.

இரண்டு நாள் பட்டினி கிடந்தவள் கத்தியையும் முள்கரண்டியையும் ஓரமாக வைத்தாள். கையால் பிய்த்தாள். ஒரு துண்டு. இன்னொரு துண்டு. தட்டில் ஒரு இலை மிச்சமில்லை.

“இத்த செஞ்ச கைக்குத் தங்கக் காப்பு போடலாம்” என்றாள்.

எனக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. கேட்க நினைத்ததைக்கூடத் தள்ளி வைத்தேன். விருந்து நன்றாக இருந்தால் சமைத்தவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்திருப்போமா?

“சமைச்சவர கூப்புடுங்க, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன்.”

சபாபதி அசையவில்லை. அவர் மனைவி எழுந்து உள்ளே போனார். வந்தபோது பின்னால் வந்தது – முழங்கை வரை மாவும், நெற்றியில் வேர்வையுமாக, தினேஷ்.

“நான்தான் மாமா.”

கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“மொதல் நாளே சொல்லணும்னு இருந்தேன். நீங்க அந்த மடுகரைப் பையனப் பத்திப் பேசினீங்களாம், அப்பா பயந்துட்டாரு. நான் மேனேஜர் இல்ல மாமா, சமையல்காரன்தான். புடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க. வினோகிட்ட நானே பேசிக்கறேன்.”

அவன் தலை குனியவில்லை.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். சந்து முடிந்தால் கடல். கறுப்பு மணல். அதில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். வினோதினிக்குப் போன் போட்டேன்.

“அவன் இன்னா வேலை செய்யறான்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்பா. சொன்னா நீ ஏரோப்ளேனே ஏறியிருக்க மாட்ட.”

“ஊர்ல கேட்டா இன்னா சொல்றது?”

“ஊர்ல யாருப்பா கேக்கறா? நீதான கேக்கற.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கனகா நிற்கிறாள்.

“ஒனக்கும் தெரியுமா?” என்றேன்.

“யாரும் சொல்லல. ஏர்போர்ட்லயே அவன் கையப் பாத்தேன். இத்தப் பாரு.” புடவைத் தலைப்பை ஒதுக்கி முன்கையை நீட்டினாள். கோடு கோடாகத் தழும்பு. தோசைக்கல் விளிம்பு, குக்கர் ஆவி, பொங்கிய பால். “இருவத்தாறு வருசமா ஒனக்குச் சமைக்கறேன். ஒரு நாளாச்சும் இந்தக் கையப் பாத்து இருக்கறியா? அவன் கைய மட்டும் வந்ததும் பாத்துட்ட, சண்டக்காரனான்னு!”

பிள்ளைகளே, அந்தக் கையை நான் பார்த்ததே இல்லை. அது வைக்கும் தட்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

கடைக்குள் திரும்பிப் போனோம். நான்கு பேரும்... இல்லை, மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். நான்காவது ஆள் சர்வர், அவர் முதலிலிருந்தே நின்றுகொண்டிருந்தார். நான் தினேஷின் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்:

“நாளைக்கு மதியம் உங்க வூட்லதாம்மா சாப்பாடு.”

அவ்வளவுதான். நம்ம பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னா குழம்பு வெக்கட்டும் அண்ணே?” என்றார். சபாபதி என் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்ப சம்மந்தின்னு கூப்புடலாமா?” என்றார். தினேஷ் மாவுக் கையோடு காலில் விழுந்தான். என் வேட்டியில் இரண்டு வெள்ளைக் கை அச்சு.

(ரகசியமாக ஒன்று – மறுநாள் சம்மந்தியம்மா வைத்த சாம்பார் சுமார்தான். அந்த வீட்டில் சமையல் என்றால் மாப்பிள்ளைதான்.)

அங்கே அவ்வளவு தைரியமாகப் பேசியவன், ஊருக்கு வந்து பாலு முன்னால் உட்கார்ந்ததும் ஏன் ஓடினேன்? சம்பந்தி வீட்டு மூன்று பேருக்கு முன்னால் உண்மையை ஏற்பது ஒன்று. அதை அச்சில் போட்டு ஊருக்குக் கொடுப்பது வேறு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த மின்னிக்கொண்டிருந்த கோடு.

நேற்று மறுபடி அச்சகத்துக்குப் போனேன். போகிற வழியில் மடுகரைப் பையனுக்கும் போன் போட்டு, கல்யாணச் சமையலை நீதான் செய்ய வேண்டும் என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். இன்னும் பதில் இல்லை. அவனுக்கும் ரோஷம் இருக்காதா?

“இன்னாபா, மாப்ள வேலையக் கண்டுபுடிச்சிட்டியா?” என்றான் பாலு.

“சமையல்காரர்.”

அவன் விரல் நின்றது. “செஃப்னு போடேன்பா... ஸ்டைலா இருக்கும்.”

“பத்திரிகை குடுக்கற எடத்துலல்லாம் செஃப்னா இன்னான்னு கேப்பாங்க. அங்கயும் நான் முழிக்கணுமா? சமையல்காரர்னே போடு.”

அடித்தான். திரையைத் தள்ளி நின்று பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

“பேருக்குக் கீழ ரொம்ப சின்னதாத் தெரியுதேபா...”

“அப்போ எழுத்தப் பெருசாக்கு” என்றேன்.