பஸ்ரியாம்பிள்ளையின் இடப்பக்கக் கிளை

நெடுந்தீவில் மரத்தை வளைப்பது சோளகக் காற்றின் வேலை. அந்த வேலையில் கைவைத்த முதல் மனிதர் பஸ்ரியாம்பிள்ளை. கடற்றொழிலாளி, கடலில் மீனைவிட யோசனையை அதிகம் பிடிப்பவர்.

2003, சமாதான காலம். யாழ்ப்பாணத்தில் முடிவெட்டப் போன கடையில் ஒரு கலண்டர் தொங்கியது. படத்தில் சட்டிக்குள் ஒரு கிழட்டு மரம், ஒரு முழ உயரம்.

“அது பொன்சாய், அண்ணை,” என்றார் கடைக்காரர்.

பாதி வெட்டிய தலையோடு எழும்பிப் போய்ப் பார்த்தார். மரத்தைக் குட்டையாக்கியது சரி, கிளையை எப்படித் திருப்பினார்கள்? இந்தக் கேள்வியும் அவரோடு குறிகட்டுவான் துறையில் தீவுக்குப் படகேறியது.

கிணற்றுக் கட்டில் முளைத்திருந்த ஆலங்கன்றைப் பழைய சட்டியில் நட்டார். எல்லாப் பக்கமும் தழைத்தது. கலண்டரில் இடப்பக்கக் கிளை தண்ணீர் குடிக்கக் குனிவதுபோல இருக்கும். இங்கே அது வானத்தைப் பார்த்து நின்றது. கம்பி சுற்றத் தெரியாதவர் தெரிந்ததைச் செய்தார். வலையின் ஈயக்குண்டுகளைக் கழற்றி, தங்கூசி நூலில் கோத்து, கிளையில் தொங்கவிட்டார். காலையில் ஒரு குண்டு கூட்டுவார். பிறகு குந்தியிருந்து பார்ப்பார். கிளை குனியத் தொடங்கியது.

மனைவி சின்னத்தங்கம் வெறுங்கூடையோடு வந்து நின்றார்.

“இஞ்சாருங்கோ, மரம் தாழுது, வலை மிதக்குது. மீன் எங்க படும்?”

“கொஞ்சம் பொறும். இப்ப கழட்டினா கிளை பழையபடி நிமிர்ந்திடும்.”

“விடிய முதல் குண்டு வலையில இருக்கோணும். இல்லாட்டி மரத்தை முறிச்சு அடுப்பில வைப்பன்.”

சின்னத்தங்கம் சொன்னதைச் செய்பவர்.

பஸ்ரியாம்பிள்ளை மதிலைப் பார்த்தார். சாந்தில்லாமல் அடுக்கிய முருகைக்கல் மதில். சில கற்களில் கடலே துளை போட்டிருந்தது. துளையுள்ள கற்களாகத் தேடி உருவினார். ஈயம் வலைக்குப் போனது, கல் கிளைக்கு வந்தது. கிளை அசையவில்லை. மதில் அசைந்தது.

மறுநாள் நிறைந்த வலையோடு திரும்பியபோது மதில் சரிந்து கிடந்தது. முற்றத்தில் அயல்வீட்டு மேரிசுகந்தியின் மாடு அசைபோட்டது. சட்டி மரத்தில் உச்சி இல்லை. வலப்பக்கம் இல்லை. இடப்பக்கக் கிளை மட்டும் கற்களோடு, இலைகூட உதிராமல் குனிந்திருந்தது.

“வாய் வைக்கேக்க கல்லு மூக்கில அடிச்சிருக்கும், அண்ணை. குறை நினையாதேங்கோ,” என்றார் மேரிசுகந்தி.

பஸ்ரியாம்பிள்ளை சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“கலண்டரிலயும் வலப்பக்கம் வெறுமைதான், பிள்ளை. நான்தான் அதைக் கவனிக்கேல்லை.”

பின்னேரம் மதிலைத் திரும்ப அடுக்கினார். ஒரு இடத்தில் மட்டும் மாட்டின் தலை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்.

“உது என்னத்துக்கு?” என்றார் சின்னத்தங்கம்.

“அடுத்த வெட்டுக்கு.”