பெட்ரோல் மூடியில் வைத்த சந்தனம்

மாமாவுக்கு எஞ்சின் பார்க்கத் தெரியாது என்று அவர் சாகும்வரை எங்கள் குடும்பம் சொல்லிக்கொண்டிருந்தது. நானும் சொல்லியிருக்கிறேன். உண்மையில், எங்கள் ஊர் பூதப்பாண்டியில் அன்றைக்கு எஞ்சின் பார்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

மாமா அம்மாவின் தம்பி. மலைத் தோட்டத்துத் துரை ஒருவரிடம் டிரைவராக இருந்தவர். துரை சீமைக்குத் திரும்பியபோது கழித்துவிட்ட காரை வாங்கி ஊருக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். "எஞ்சினுக்கு மூணு காரியம் வேணும் மக்கா. பெட்ரோல், காத்து, தீ. நின்னுபோச்சுன்னா மூணுல ஒண்ணு போய் எத்தல்லேன்னு அர்த்தம். பதறப்பிடாது. ஒண்ணொண்ணாப் பாக்கணும்" என்று எனக்குச் சொல்லுவார். ஏழு வயதில் எனக்கு அது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

அந்த ஆடி மாதம், பணகுடியில் கட்டிக்கொடுத்த அக்காவுக்கு வலி கண்டு இரண்டு நாளாகிவிட்டது என்று ஆள் வந்தது. இரண்டாவது பிரசவம் என்பதால் அவள் புகுந்த வீட்டிலேயே இருந்தாள். அத்தான் கொழும்பில். விடிந்ததும் விடியாததுமாக அம்மாவும் மாமாவும் காரில் கிளம்பினார்கள். நான் அழுத அழுகையில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். போகும்போது கார் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

மருத்துவச்சி வாசலுக்கு வந்து, "பிள்ள குறுக்கே கெடக்கு. உச்சிக்குள்ள நாகர்கோயில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. ரெண்டு உசிரும் தப்பும்" என்றாள்.

அக்காவைத் தூக்கி வரும்வரை நான் காரின் பக்கத்தில் நின்றேன். எங்கள் வீட்டில் மாட்டுவண்டி எங்கே புறப்பட்டாலும் நுகத்தடியில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைக்காமல் கிளம்பாது. காருக்கு மட்டும் யாரும் வைக்கவில்லை. அக்காவை ஏற்றப்போகிற வண்டி இப்படி மூளியாகவா போவது? உள்ளே ஓடிச் சாமி அறையிலிருந்து ஒரு கை சந்தனம் அள்ளி வந்தேன். முன் கண்ணாடிக்குக் கீழே பெட்ரோல் தொட்டியின் மூடி இருந்தது. அதன் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. பொட்டு வைப்பதற்கென்றே சீமையில் அடையாளம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து, அதன்மேல் அழுத்தித் தட்டையாக அப்பினேன். குங்குமமும் வைத்தேன். "அக்காவை நல்லபடியா கொண்டு சேத்திரு" என்று காரைக் கும்பிட்டேன்.

காவல்கிணறு தாண்டியதும் கார் விக்கி விக்கி நின்றது.

மாமா பதறவில்லை. பொட்டைப் பார்த்தும் பாராமல், முதலில் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார். பாதித் தொட்டி பெட்ரோல் இருந்தது. மூடியைப் போட்டுவிட்டு, கார்புரேட்டரின் அடித்திருகைத் தளர்த்தினார். பெட்ரோல் கொட்டியது. பிளக்கைக் கழற்றி எஞ்சினில் சாய்த்துவைத்து, காரின் முன்னால் எஞ்சினைச் சுழற்றும் கைப்பிடியை என்னைச் சுற்றச் சொன்னார். என் பலத்துக்கு அது அசையவில்லை. அம்மா இறங்கி வந்து சுற்றினாள். நீலமாகத் தீப்பொறி வந்தது. பிளக்குகளைத் துடைத்து மாட்டிச் சுழற்றினார். கார் கிளம்பிவிட்டது. "பிளக்குலதான் கரி" என்றார்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் மறுபடி நின்றது. அங்கே ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. பக்கத்தில் நின்று பேசினால்கூடக் காதில் விழவில்லை. மறுபடி மூடி, குச்சி. பெட்ரோல் இருக்கிறது. இந்தத் தடவை தீப்பொறி முனைகளைத் தேய்த்தார். கிளம்பியது. பின் ஆசனத்தில் அக்கா அம்மாவின் கையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, போயிருவோமாடா?"

"போயிருவோம் எக்கா. பேசாம இரி."

தோவாளையில் மூன்றாம் முறை நின்றது. மாமா மூடியைத் திறந்தார், குச்சி விட்டார், கார்புரேட்டரைப் பிரித்து வாயால் ஊதினார். திருகு இரண்டு தடவை கை நழுவி மண்ணில் விழுந்தது. பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்து அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். தண்ணீர் கடைவாயில் வழிந்தது. கார் கிளம்பிய சத்தமும் அம்மாவின் அலறலும் ஒன்றாகக் கேட்டன. உச்சிப் பொழுதுகூட ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பாமல், கார் ஊருக்குத் திரும்பியது.

நான்காம் நாள், வண்டிக் கொட்டகையில் மாமா தனியாகக் காரை ஓடவிட்டு, அது தானாக நிற்கும்வரை காத்திருந்தார். நான் தூணோரம் நின்று பார்த்தேன். கொட்டகையில் காற்றில்லை. அவர் மூடியைத் திருகியபோது, உஸ் என்று தொட்டி மூச்சை உள்ளே இழுத்தது எனக்கே கேட்டது.

அந்தத் துளை வழியாகக் காற்று போனால்தான் தொட்டியிலிருந்து பெட்ரோல் இறங்கும் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அடைத்திருந்தால் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும். குச்சி விடுவதற்காக மூடியைத் திறந்த நொடியிலேயே வண்டி மூன்று தடவையும் சரியாகிவிட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் மாமா கோளாறைத் தேடியிருக்கிறார். ஆளையே தள்ளும் கணவாய்க் காற்றுக்கு, அந்தத் தொட்டிக்குள் போக ஒரு வழி இல்லை.

மாமா விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவித் துளையில் குத்தினார். காய்ந்த சந்தனம் அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதை விரலால் நுணுக்கி மோந்து பார்த்தார்.

"இத ஆரு மக்கா வச்சா?"

"நாந்தான் மாமா. அக்கா நல்லாவணும்னு வச்சேன்."

அவர் என்னைப் பக்கத்தில் இழுத்து என் தலையில் கை வைத்தார். கை கனத்தது. "ஆருகிட்டயும் சொல்லப்பிடாது, என்னா? அம்மைகிட்டகூட." நான் தலையாட்டினேன். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது, அதற்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பதினாறாம் நாள் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தபோது மாமா வந்தார். அம்மா வாசலை மறித்தாள். "எம் பிள்ளய நடுரோட்டுல போட்டுக் கொன்னுட்டியேடா. ஒரு வண்டி பாக்கத் தெரியாத உனக்கு காரு ஒரு கேடா?" மாமா முற்றத்தில் நின்றார். அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்த என்னையே பார்த்தார், லேசாகத் தலையசைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்காவைக் கொன்றவர் அல்லவா?

ஆனாலும் அந்தச் சந்தனத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. கெட்டவருக்குக் கொடுத்த வாக்கைக்கூடக் காப்பாற்றுகிற பிள்ளை என்று அன்றைக்கு எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.