இடப்பக்கத்துக் கண்ணாடி

என் காருக்குக் கதவு இரண்டுதான். பின்னால் சீட்டு என்று ஒன்று இருக்கிறது. அதில் பலாப்பழம் உட்காரும், மனிதர் உட்கார முடியாது. நீண்ட மூக்கு, தரையை உரசுகிற வயிறு, முப்பது வருஷத்துக்குக் குறையாத வயது. எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ஒரு ரைட்டருக்கு எதற்கு இந்த ஸ்போர்ட்ஸ் கார் என்று ஏற்காட்டில் கேட்காதவர்கள் கிடையாது. நான் வேலை பார்த்த எஸ்டேட்டை விற்றுவிட்டு முதலாளி வெளிநாடு கிளம்பியபோது, ஷெட்டில் கிடந்த இதை அவர் பிள்ளைகள் சீண்டக்கூட இல்லை. நீயே வைத்துக்கொள் என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது என் மனைவி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுக்குள்ள ஏறோணுமா, எறங்கோணுமா?" என்றாள்.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. புனேயில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகள், இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருவதாகப் போன் செய்தாள். சேலம் ஜங்ஷனுக்கு நானே காரை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். அவள் இழுத்தாள். சின்ன வயதிலிருந்தே மலைப்பாதை அவளுக்கு ஆகாது. நாலு வளைவு ஏறினால் குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும். முகத்தில் காற்று அடித்துக்கொண்டே இருந்தால்தான் தாங்குவாள். என் காரின் ஏசியோ எப்போதோ பரலோகம் போய்விட்டது.

"எம்பக்கத்து ஜன்னல் தொறக்குதுங்களாப்பா? இல்லீனா நான் டாக்ஸியிலயே வந்தர்றேன்" என்றாள்.

திறக்காமல் என்ன என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் போய் அழுத்திப் பார்த்தேன். என் பக்கத்துக் கண்ணாடி சமர்த்தாக இறங்கி ஏறியது. இடப்பக்கத்துக் கண்ணாடி அசையவில்லை. ஒரு முனகல்கூட இல்லை. எப்போது செத்தது என்றும் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் உட்கார ஆள் இருந்தால் அல்லவா தெரியும்?

எனக்கு வேண்டியது அந்த மலைப்பாதை. வீட்டுக்குள் வந்துவிட்டால் மகளுக்குப் போன் இருக்கிறது, லேப்டாப் இருக்கிறது, சர்ச்சிலிருந்து பார்க்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். சேலத்திலிருந்து மேலே வந்து சேரும்வரைதான் அவள் எனக்கு மட்டும். அவள் டாக்ஸியில் வந்தால் அதுவும் போச்சு. மனைவி போன பிறகு பக்கத்தில் ஆள் வைத்து நான் வண்டி ஓட்டவே இல்லை. காய்கறிப் பையைத்தான் அந்த சீட்டில் வைத்துக்கொண்டு வருகிறேன். வளைவில் அது சரியும்போது கையை நீட்டிப் பிடிப்பேன். யாரும் பார்க்காமலிருக்க வேண்டும் என்று இருக்கும்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெக்கானிக் ஜீப்பில் பழகினவர். கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, சுற்றுகிற கைப்பிடி எங்கே என்று என்னைக் கேட்டார். சேலத்தில் கார் எலக்ட்ரீஷியன் ஒருவருக்குப் போன் போட்டேன். உள்ளே இருப்பதை மொத்தமாக மாற்ற வேண்டும், ஆனால் இந்த வண்டிக்கு சாமான் கிடைக்காது என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லி முடித்தார். ஆக, நான்தான். எஸ்டேட் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிய கை இது, ஒரு ஜன்னலுக்கா பயப்படும் என்று திருப்புளியை எடுத்தேன்.

போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் இதே மாதிரி காரின் கதவைப் பிரித்துக் காட்டுகிறார். பேச்சு பாதிதான் புரிந்தது, கைவேலை முழுக்கப் புரிந்தது. இரண்டு கதவு காருக்குக் கதவு நீளம், அதனால் கண்ணாடியும் பெரிது, கனம். அதைச் சுற்றி மேலே சட்டம் கிடையாது. ஓரத்து ரப்பரை நம்பித்தான் நிற்கிறது. கதவுக்குள்ளே ஒரு சின்ன மோட்டார் ஓர் உருளையைச் சுற்றுகிறது. உருளையில் மெல்லிய கம்பிக்கயிறு. கிணற்றில் வாளி இழுப்பது மாதிரி அந்தக் கயிறு கண்ணாடியை ஒரு தண்டவாளத்தின் மேல் ஏற்றி இறக்குகிறது. ஏற்றவும் அதே மோட்டார்தான், இறக்கவும் அதேதான். பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். நாம் அழுத்துகிற பொத்தான் அந்த இடமாற்றத்தைத்தான் செய்கிறது.

எனக்குப் பிடிபடாமல் இருந்தது ஒன்றுதான். இடப்பக்கத்துக் கண்ணாடிக்கு இரண்டு பொத்தான். ஒன்று அந்தக் கதவில், இன்னொன்று ஓட்டுகிறவர் கைக்கு அருகில். என் மனைவி உட்கார்ந்த பக்கத்துப் பொத்தான் கெட்டிருந்தாலும் என்னுடையது வேலை செய்ய வேண்டாமா? வயரைப் பிடித்துக்கொண்டு பல்பு வைத்துப் பார்த்துக்கொண்டே போனபோது விஷயம் தெரிந்தது. இந்த வண்டியில் என் பொத்தானுக்கு மோட்டாரோடு நேரடிப் பேச்சு கிடையாது. நான் அழுத்தினால் கரண்ட் முதலில் அவள் பொத்தானுக்குப் போய், அதன் வழியாகத்தான் மோட்டாருக்குப் போகும். அவள் பொத்தான் சும்மா இருக்கும்போதும் உள்ளே செம்போடு செம்பு தொட்டுக்கொண்டு எனக்கு வழிவிட வேண்டும். அடிக்கடி அழுத்தினால் அந்த உரசலில் செம்பு பளிச்சென்று இருக்கும். யாரும் தொடாமல் விட்டால், எங்கள் மலையின் பனியும் ஈரமும் இறங்கிக் களிம்பு ஏறிவிடும். பொத்தானை நெம்பித் திறந்தேன். பச்சைக் களிம்பு அப்பியிருந்தது.

வீட்டில் என் பேச்சும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. மகளிடம், சொந்தக்காரர்களிடம், பால்காரரிடம், எல்லோரிடமும் என் மனைவிதான் சொல்வாள். நான் சொன்னதாக, கொஞ்சம் பதமாக்கி. அவள் இல்லாத இந்த இரண்டு வருஷத்தில் நான் மகளோடு பேசியதெல்லாம் சாப்பிட்டாயா, மழையா என்பதுதான். கதவருகே முக்காலியில் உட்கார்ந்து உப்புத்தாளால் செம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது இது உறைத்தது. உறைத்து என்ன செய்ய, தேய்த்து முடித்தேன்.

இனிமேல் ஓடும் என்று அழுத்தினேன். மோட்டார் முனகியது. கண்ணாடி நகம் அளவு இறங்கி நின்றுவிட்டது. பிடிவாதமாக அழுத்திக்கொண்டே இருந்தேன். அந்த முனகலும் நின்றது. சூடு தாங்காவிட்டால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு மோட்டாருக்குள்ளேயே இருக்கிறது. ஆறிய பிறகுதான் மறுபடி கேட்கும். நானும் ஒரு காப்பி குடித்து ஆறிவிட்டு, கதவின் உள்பலகையைக் கழற்றினேன்.

தண்டவாளம் முழுக்க வெள்ளையாக ஏதோ கட்டியாகப் படிந்திருந்தது. கண்ணாடி உரசுகிற ரப்பரிலும் அதேதான். கம்பெனியில் போட்ட கிரீஸ் கெட்டுப்போயிருக்கும் என்று விரலால் வழித்தேன். விரல் சூட்டில் உருகியது. மூக்கருகே கொண்டுபோனேன். தேங்காய் எண்ணெய். கொஞ்சம் சிக்கு வாடையோடு, வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய்.

அவளுடைய தலை எண்ணெய் அது. ஒரு கோடையில் அந்தக் கண்ணாடி இறங்கும்போதெல்லாம் கீச்சென்று கத்தியதும், திடீரென்று ஒருநாள் கத்தல் நின்றதும் நினைவுக்கு வந்தது. துடைத்துத் துடைத்து நான்தான் சரிசெய்தேன் என்று அப்போது பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அவள் சிரித்ததுகூட ஞாபகம் இருக்கிறது. என் முதுகுக்குப் பின்னால் எண்ணெயைக் கொண்டுவந்து கண்ணாடி இடுக்கில் ஊற்றியிருக்கிறாள். கோடையில் நன்றாகத்தான் ஓடியிருக்கும். குளிர் வந்தால் என்ன ஆகும் என்று இதே மலையில் மாரமங்கலத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா? மார்கழிக் காலையில் எண்ணெய்ப் புட்டியைச் சோற்றுப் பானையின் ஆவியில் காட்டாமல் அவள் தலை வாரியதே இல்லை. அதே எண்ணெயைக் கொண்டுபோய் கார் கதவுக்குள் ஊற்றுவாளா ஒருத்தி?

"ஏம்மா, உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்குதா?" என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

பிறகு அந்த விரலைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அழுதேன். அவளைப் புதைத்த அன்று வராத அழுகை இந்த எண்ணெய்க்கு வந்தது. கொஞ்சம் அப்படியே விட்டுவைக்கலாமா என்று தோன்றியது. விட்டால் கண்ணாடி நிற்கும், மகள் டாக்ஸியில் வருவாள். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து மிச்சம் வைக்காமல் துடைத்தேன். ரப்பருக்கு வெறும் பவுடர், தண்டவாளத்துக்கு உறையாத கிரீஸ். கண்ணாடி அடிவரை இறங்கி, சத்தமில்லாமல் ஏறியது.

ஜங்ஷனில் மகள் இறங்கியபோது அவள் பெட்டியை வாங்குவதற்கு முன்னால் ஜன்னலைத்தான் இறக்கிக் காட்டினேன். பேச வேண்டியதையெல்லாம் வரிசையாக மனசில் வைத்திருந்தேன், அந்த எண்ணெய் விஷயம் முதலாவது. அவள் சீட்டில் சரிந்து உட்கார்ந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று ரயிலிலேயே வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டதாகச் சொன்னாள். அடிவாரம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். தலை ஒரு பக்கம் சாய, வாய் லேசாகத் திறந்து, அவள் அம்மா தூங்குகிற மாதிரியே. மேலே பனி உள்ளே அடிக்க ஆரம்பித்ததும் என் பொத்தானை அழுத்தி அவள் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு முந்திப் போனார். வேகமாக ஓட்ட எனக்கு மனசில்லை.

அவள் திரும்பிப் போகும்போது மாத்திரை போடவில்லை. ஜன்னலைத் தானே இறக்கிவிட்டுக் காற்றில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். அப்போது சொன்னேன், எண்ணெயை, களிம்பை, கரண்ட் போகும் வழியை. எண்ணெய் என்றதும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாகச் சில வளைவுகள் வந்தாள்.

"அப்ப நான் போனதுக்கப்பறம் இதை யாருங்கப்பா அமுத்துவாங்க?" என்றாள்.

"அதுக்கென்ன கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து அந்த சீட்டில் உட்காருகிறேன். இத்தனை வருஷத்தில் நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை. முன்னால் அந்த நீண்ட மூக்கு மறைப்பதால் எனக்கே ரோடு பாதிதான் தெரிகிறது. என் மனைவி என் தோளுயரம்தான் இருப்பாள். அவளுக்கு ரோடே தெரிந்திருக்காது. ஒருநாளும் சொன்னதில்லை. பக்கத்து ஜன்னலை மட்டும் பார்த்துக்கொண்டுதான் என்னோடு இத்தனை தூரம் வந்திருக்கிறாள். பொத்தானை அழுத்திக் கண்ணாடியை இறக்கி ஏற்றுகிறேன். நாலு தடவை செய்தால் போதும். அதற்கு மேலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சோறு வைக்க உள்ளே போகிறேன்.