துலாவில் ஊதிய முனி

தலை நரைத்த பிறகும், நேற்றைய சோளகக் காற்றில் கதவின் சாவித்துவாரம் ஊதியதைக் கேட்டுக் கட்டிலில் ஏறி நின்றவன் நான்.

பழைய பயம். சின்ன வயதில் கோப்பாய் வீட்டில் ஒருநாள் நானும் காய்ச்சலில் கிடந்த தங்கையும் மட்டுமே இருந்தோம். "அண்ணை, தண்ணி" என்றாள். கிணற்றடிக்குப் போய், தண்ணீர் இறைக்கும் துலா மரத்தில் வாளியோடு தொங்கிய மூங்கிலைப் பிடித்தேன். வண்டு துளைத்த ஓட்டைகளில் காற்றுப் புகுந்து அது ஊதியது. அலறினேன், என் மூச்சுப் பட்டதும் ஊதலின் குரலும் மாறியது. முனிப்பேய் பதில் சொல்கிறது! எட்டிய ஓட்டைகளை எல்லாம் விரல்களால் பொத்தினேன்; சத்தம் அடங்கியது. விரலை எடுத்தால் முனி வெளியே வந்துவிடும். தங்கை கூப்பிடக் கூப்பிட நான் அசையவில்லை. தோட்டத்தால் வந்த அம்மா, "தண்ணி அள்ள வந்தவர் குழல் வாசிக்கிறாரோ?" என்று என்னைத் தள்ளிவிட்டு அள்ளினார்.

இன்று காலை, சாவித்துவாரக் கதையைக் கேட்ட தங்கை சொன்னாள்: "அண்ணை, நான் அண்டைக்குக் கேட்ட தண்ணி இன்னும் வந்து சேரேல்லை."