மாப்புக் கேட்டுவிட்டுப் போகாத சஃபாரி

கட்டுகஸ்தோட்டை ரஸீன் பத்தொன்பது வருடமாக வேனில் வெள்ளைக்காரர்களை யானை பார்க்கக் கூட்டிப் போகிறவர். அவர் பார்த்தது என்னவோ பூங்காவின் கேட்டை மட்டும்தான். உள்ளே போவது ஜீப். ரஸீனுக்கு வேன் சீட்டைச் சாய்த்துப் போட்டு ஒரு குட்டித் தூக்கம். அதனால்தான், நைரோபியில் தேயிலைக் கம்பனியொன்றில் வேலை செய்யும் பள்ளிக்கூடக் கூட்டாளி அஸ்ஃபர் போன் எடுத்து, "டிக்கட் நான் போடுறேன், வந்து சிங்கத்தப் பாரு மச்சான்" என்றதும் மனுசனுக்குக் கால் தரையில் படவில்லை.

ஆயத்தம் செய்தார் பாருங்கள், கல்யாண வீடு தோற்றுவிடும். காக்கித் தொப்பி வாங்கினார். யாரோ வேனில் விட்டுப்போன தொலைநோக்கியைத் துடைத்து, பாலத்தில் நின்று மகாவலி ஆற்றில் கொக்கு பார்த்துப் பழகினார். அஸ்ஃபர் அனுப்பிய பட்டியலில் ஒன்றை மட்டும் தள்ளிப் போட்டார். மஞ்சள் காய்ச்சல் ஊசி. பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட வேண்டும். கடுகண்ணாவை மலைப்பாதை வளைவில் பஸ் முட்ட வந்தாலும் கை நடுங்காத மனுசனுக்கு, ஊசியென்றால் உள்ளங்கால் வேர்க்கும். 'யாரு கேக்கப்போறாங்க' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஊசிக்குப் போகவேண்டிய நாட்களில் மாப்புக் கேட்கப் போனார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்பது வழக்கம். சிங்கம் பார்க்கப் போகிறவர் கேட்டதாக ஊரில் வரலாறு இல்லை.

"திரும்பி வந்தாத்தானே நிச்சயம்" என்றார் ரஸீன்.

"அப்ப சிங்கத்துக்கிட்டயும் ஒரு மாப்புக் கேட்டுக்கோ" என்று கட்டிப்பிடித்தார் பேக்கரிக்காரர் தாஸிம்.

கடைசி வீடு கெலிஓயாவில், தங்கை ருக்கியாவுடையது. அவள் மகளின் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டார் காதுபட இவர் "பெட்டிக்கடைச் சம்பந்தம்" என்று வாய்விட்டதிலிருந்து ஆறு வருடம் பேச்சில்லை. ரஸீன் வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, தூரப் பயணம் போறேன். மாப்புச் செய்."

ஆறு வருடம் கழித்து அண்ணனை 'நானா' என்று கூப்பிட்டு ருக்கியா அழுதுவிட்டாள். "மாப்புத்தான் நானா. சுகமாப் போய்ட்டு வாங்க."

மூன்றாம் நாள் ஏர்போட் கவுண்டரில் ஊசி அட்டையைக் கேட்டார்கள். அவ்வளவுதான். விமானம் போனது, ரஸீன் இருட்டோடு இருட்டாக வீட்டுக்குள் போனார்.

நாலு நாள் ஜன்னல் திறக்கவில்லை. பள்ளிவாசலுக்கும் போகவில்லை. இருமல் வந்தால் தலையணைக்குள் இருமினார். ஊர் முழுக்க மாப்புச் செய்து அனுப்பிய மனுசன் எந்த முகத்தோடு பேக்கரிக்குப் பாண் வாங்கப் போவது?

ஐந்தாம் நாள் மனைவி ஸக்கியாவின் போன் அடித்தது. ருக்கியா. ஸக்கியா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மதினி, நானாட சங்கதி ஏதும் தெரியுமா? மிருகங்களுக்குள்ள ஈக்கிறாரே. அவர் சுகமா வரோணுமெண்டு போன நாள்ல ஈந்து நோன்பு புடிக்கிறேன்."

'கவரேஜ் இல்லண்டு செல்லு' என்று ரஸீன் கையால் காட்டினார்.

"பிறகு எடுக்கச் செல்றேன்" என்று போனை வைத்த ஸக்கியா அவர் பக்கம் திரும்பினாள். "பொய் செல்ல எனக்கு ஏலா. அந்தப் புள்ள பட்டினி கெடக்குது. நீங்க கட்டிலுக்கடியில சிங்கம் பாக்கிறீங்க."

பின்னேரம் மூன்று மணி, நல்ல வெயில். ரஸீன் வேனை எடுத்தார். பேக்கரி வாசலில் தாஸிமின் வாய் திறந்தது.

"அடே! சிங்கம் வாணாண்டு செல்லிட்டா?"

கடை வரிசையே சிரித்தது. ரஸீன் நிறுத்தவில்லை. காது இரண்டும் கொதித்தன.

கெலிஓயாவில் ருக்கியா உதடு காய்ந்து நின்றாள். 'விசாப் பிரச்சினை' என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பொய் வாசலோடு நின்றுவிட்டது.

"போகல்ல தங்கச்சி. ஊசிக்குப் பயந்து... அஞ்சு நாளா வீட்டுலதான் ஈந்தேன். நீ தந்த மாப்ப எடுத்துக்கோ. அது பயணம் போறவனுக்குத் தந்தது."

அவள் உள்ளே போனாள். குசினியில் முந்தானையை வாயில் அடைத்துச் சிரிப்பது கேட்டது. அது ஊசியைவிட ஆழமாக இறங்கியது. திரும்பி வந்தபோது அவள் கண் ஈரமாக இருந்தது.

"திருப்பி வாங்க அதென்ன எரவல் சட்டியா? இரிங்க. நோன்பு தொறக்க இன்னும் ரெண்டு மணித்தியாலம் ஈக்கிது."

ரஸீன் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை. பள்ளிவாசலில் நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும்வரை தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.